ஹலோவுக்குப் பின்னால் ஒரு கூத்து

போனை எடுத்து "ஹலோ" என்கிறோம். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "ஹலோ, சொல்லுங்க" என்கிறோம். அப்போதும் இல்லை. வைத்துவிடலாம் என்று கையை எடுக்கும்போது 'டுக்' என்று ஒரு ஒலி, சந்தைக்கடை இரைச்சல், அதன் நடுவிலிருந்து ஒரு குரல்: "வணக்கம் சார், பர்சனல் லோன் விஷயமா கூப்பிட்டிருந்தோம்." கூப்பிட்டது அவர்கள், காத்திருந்தது நாம்! இந்த அநியாயம் ஏன் நடக்கிறது? அந்தச் சில நொடி அமைதிக்குள் பெரிய கூத்தே நடந்து முடிந்துவிடுகிறது. வாருங்கள், பெரியநாயக்கன்பாளையத்தில் நின்றுகொண்டு திரையைக் கொஞ்சம் விலக்கி எட்டிப் பார்ப்போம். செருப்பைக் கழற்ற வேண்டாம்.

எட்டிப் பார்க்க எதற்குப் பெரியநாயக்கன்பாளையம் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் துடியலூர், நரசிம்மநாயக்கன்பாளையம் தாண்டினால் வருகிற ஊர். மேற்கே பாலமலை. ரோட்டோரம் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம், பஞ்சாலை இயந்திரங்கள் செய்யும் எல்.எம்.டபிள்யூ., வண்டிகளுக்கு மீட்டர் செய்யும் பிரிகால். பெரிய ஆலைகளைச் சுற்றிச் சந்துக்குச் சந்து லேத் பட்டறை, ஜாப் ஒர்க். பட்டணத்து நிபுணர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: "தெரியாத நம்பரை எடுக்காதீங்க, தொல்லை விட்டது." பெ.நா.பாளையத்தில் அது நடக்குமா? ஆர்டர் எங்கிருந்து வரும் என்று யாருக்குத் தெரியும்? ராஜ்கோட்டிலிருந்து ஒரு பம்பு கம்பெனிக்காரர், லூதியானாவிலிருந்து ஒரு ஸ்பேர்ஸ் வியாபாரி. இந்த ஊருக்குச் சோறு போடுவதே தெரியாத நம்பர்தான். அதனால் கையில் ஆயிலோடு, ஓடுகிற லேத்தை நிறுத்திவிட்டு, ஓடிவந்து எடுக்கிறார்கள். எடுத்தால்: "உங்களுக்கு ஆயுள் முழுக்க இலவச கிரெடிட் கார்டு!"

சரி, உள்ளே போவோம். முதல் அறையில் இருப்பது ஓர் எக்ஸெல் கோப்பு. தொழில்காரர்கள் அதை 'டேட்டா' என்பார்கள். "டேட்டா நல்லா இருக்கா?" என்றால் அழைக்கப்படுபவர்கள் எடுப்பார்களா, பேசுவார்களா என்று அர்த்தம். துணிக்கடை பில்லில் சொன்ன நம்பர், பெட்ரோல் பங்க் வாசலில் கார் பரிசு என்று நிரப்பிக் கொடுத்த கூப்பன், ஆன்லைனில் 'எவ்வளவு கடன் கிடைக்கும்' என்று சும்மா தட்டிப் பார்த்த ஒரு நிமிடம், எல்லாம் இங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும். (அந்தக் கார் பரிசு விழுந்த ஆளை யாராவது நேரில் பார்த்திருந்தால் சொல்லுங்கள், பூங்கொத்தோடு வருகிறேன்.) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. கோப்புகள் அதற்கெல்லாம் முன்பே ஊர் சுற்றிவிட்டன.

இரண்டாவது அறையில்தான் கதாநாயகன். பெயர் டயலர். மனிதர் விரலால் நம்பர் அழுத்தும் காலம் மலையேறிவிட்டது. பி.ஆர்.ஐ. என்ற ஒரே ஒரு லைன் எடுத்தால் ஒரே நேரத்தில் 30 பேரிடம் பேசலாம். எஸ்.ஐ.பி. என்ற இணைய வழியில் அந்த எல்லையும் இல்லை. இப்போது கணக்கைப் பாருங்கள். பேசுவதற்குப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்து நம்பரை மட்டும் கூப்பிட்டால் பாதிப் பேர் எடுக்க மாட்டார்கள், பெண்கள் சும்மா இருப்பார்கள், முதலாளிக்குப் பொறுக்காது. அதனால் டயலர் முப்பது பேரைக் கூப்பிடும். எத்தனை பேர் எடுப்பார்கள், ஓர் அழைப்பு சராசரியாக எத்தனை நொடி ஓடும், அடுத்த பெண் எப்போது காலியாவார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கூப்பிடும். எதிர்பார்த்ததைவிட ஒருவர் கூடுதலாக எடுத்துவிட்டால்? அந்தக் கூடுதல் ஆள் நீங்கள்தான்! பேச ஆள் இல்லாமல் அந்தரத்தில் நிற்கிறீர்கள். அந்த மௌனத்துக்கு முக்கியமான காரணம் இது. சில நேரம் யாருமே காலியாக மாட்டார்கள், லைன் தானாக அறுந்துவிடும். நீங்கள் "ஆரோ பேசாம வெச்சுட்டாங்க" என்று மருமகனைச் சந்தேகிப்பீர்கள். அமெரிக்காவில் இதற்கு அளவே வகுத்திருக்கிறார்கள்: எடுத்தவர் 'ஹலோ' சொல்லி முடித்த 2 நொடிக்குள் ஆள் வர வேண்டும், அப்படி ஆள் வராமல் போகும் அழைப்புகள் 100க்கு 3ஐத் தாண்டக் கூடாது.

மௌனத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் அபிமானக் காட்சி அதுதான். டயலர் உங்கள் 'ஹலோ'வை அளக்கிறது! எடுத்தது மனிதரா, வாய்ஸ் மெயிலா என்று அதற்குச் சந்தேகம். கால் சென்டர்களில் பெரிதும் புழங்கும் ஆஸ்டெரிஸ்க் என்ற இலவச மென்பொருளில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதன் வழக்கமான அளவுகளைக் கேளுங்கள். எடுத்தவர் இரண்டரை நொடிவரை வாயே திறக்காவிட்டால், இயந்திரம். சுருக்கமாக ஒரு சொல் சொல்லிவிட்டு முக்கால் நொடிக்குச் சற்று மேல் நிறுத்தினால், மனிதர். நிறுத்தாமல் ஒன்றரை நொடிக்கு மேல் பேசிக்கொண்டே போனால், அதுவும் இயந்திரம்தான்.

இதைக் கொங்கு நாட்டில் வைத்துப் பாருங்கள்! இங்கே யார் ஒற்றைச் சொல்லில் போனை எடுக்கிறார்கள்? "அலோ, சொல்லுங், ஆருங் பேசறது, ஏனுங் சத்தமே காணோம், டவர் இல்லீங்ளாட்ட இருக்குது, இருங் வெளிய வர்றேன்." ஒன்றரை நொடியா? ஒன்றரை நிமிடம்! அந்த மென்பொருளின் கணக்குப்படி பெ.நா.பாளையத்துப் பெரியவர்களில் பாதிப் பேர் வாய்ஸ் மெயில். இந்தியாவில் வாய்ஸ் மெயில் வழக்கம் குறைவு என்பதால் எல்லோரும் இந்த அளவுகோலைப் போட்டு வைப்பதில்லை. ஆனால் போட்டு வைத்த இடத்திலிருந்து அழைப்பு வந்தால், எடுத்துவிட்டுப் பேசாமல் மூன்று நொடி இருந்து பாருங்கள். தானே ஏமாந்து வைத்துவிடும். நிஜமான ஆளாக இருந்தால் அவரே "அண்ணா, இருக்கீங்ளா?" என்று கேட்டுவிடப் போகிறார்.

அடுத்த அறையில் மனிதர்களே கிடையாது. பதிவு செய்த குரல் மட்டும். தொழிலில் இதை 'வாய்ஸ் கால்' என்றும் 'ஓ.பி.டி.' என்றும் சொல்கிறார்கள். ஒரு குரல் கலைஞர் ஒருமுறை பேசித் தருவார், அது ஒரே காலையில் ஆயிரக்கணக்கான காதுகளுக்குப் போகும். 15 நொடி, 30 நொடி என்று துண்டு துண்டாகத்தான் இதற்குக் கட்டணம். அதனால்தான் அந்தக் குரல் மூச்சே விடாமல் ஓடுகிறது. மூச்சு விட்டால் அடுத்த துண்டுக்குக் காசு! "மேலும் விவரங்களுக்கு எண் 1ஐ அழுத்தவும்" என்பதும் அந்த 30 நொடிக்குள் வந்தாக வேண்டும். நீங்கள் 1ஐ அழுத்திய நொடியில் உங்கள் நம்பர் 'லீட்' ஆகிவிடும். அப்புறம் அதன் விலை வேறு, அதன் மரியாதை வேறு. "இனி வேண்டாம் என்றால் 9ஐ அழுத்தவும்" என்றாலும் நம்பி அழுத்த வேண்டாம். எதை அழுத்தினாலும் 'இந்த நம்பருக்குப் பின்னால் உயிருள்ள ஆள் இருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தது போலத்தான்.

இன்னொரு ரகசியம். எடுத்த அழைப்புக்குத்தான் அவர்களுக்குச் செலவு. எடுக்காமல் விட்டால் ஒரு காசு இல்லை. பட்டியலில் அப்படியே இருந்து, மதியச் சாப்பாட்டு நேரம் பார்த்துத் திரும்ப வரும்.

மனிதர்கள் இருக்கும் அறைக்கு வந்தால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். டெலிகாலர் வேலை என்பது கோவைப் பக்கம் படிப்பு முடித்த பிள்ளைகளுக்குச் சட்டென்று கிடைக்கிற வேலைகளில் ஒன்று. நாம் கத்தினாலும் சிரித்தாலும் அவர் திரையில் ஒரு கட்டத்தைத் தேர்வு செய்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போக வேண்டும்: எடுக்கவில்லை, பிறகு கூப்பிடச் சொன்னார், விருப்பமில்லை, கடைசியாக 'கூப்பிடவே கூடாது'. நாம் அரை மணி நேரம் அர்ச்சனை செய்தாலும் அது அந்தக் கட்டங்களில் 'விருப்பமில்லை' என்றுதான் பதிவாகும். வேலை ஆக வேண்டுமானால் "என் நம்பரை லிஸ்ட்டிலிருந்து எடுத்துருங்க அம்மணி" என்று சொல்வதுதான் நேர்வழி. நான்காவது கட்டத்தை அமுக்குவது அவர் கையில்தான் இருக்கிறது.

இந்தத் தொல்லையிலிருந்து யாரும் தப்பியதில்லை. 2010 ஆகஸ்டில் மத்திய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி ஒரு முக்கியமான கூட்டத்தில் இருந்தபோது போன் வந்தது. பெரிய விஷயமாக இருக்கும் என்று எடுத்தார். வீட்டுக்கடன் வேண்டுமா என்று கேட்டார்கள்! நாட்டின் கஜானாச் சாவி யாரிடம் இருந்ததோ அவரிடமே கடன் வேண்டுமா என்று கேட்ட அந்த டேட்டாவை நான் மனதார மெச்சுகிறேன். அப்போது தொலைத்தொடர்பு அமைச்சர் யார் தெரியுமா? நமக்குப் பக்கத்துத் தொகுதியான நீலகிரியின் எம்.பி. ஆ. ராசா. புகார் அவர் காதுவரை போனது. அந்த ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய ஒழுங்குமுறையை வெளியிட்டது. அதற்குள் ராசா பதவி விலகியிருந்தார். 2011 செப்டம்பர் 27 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இரவு 9 மணிக்கு மேல் காலை 9 மணிவரை விளம்பர அழைப்பே கூடாது என்றது. விளம்பரதாரருக்கு 140இல் தொடங்கும் நம்பர், தடுக்கவும் புகார் சொல்லவும் நமக்கு 1909. 2007இலேயே 'கூப்பிடாதே' பதிவேடு இருந்தது, ஆனால் அதற்குப் பல் இல்லை.

140 வந்ததும் என்ன ஆனது? 140ஐப் பார்த்ததும் ஜனங்கள் எடுக்கவில்லை. உடனே தொழில் சாதாரணப் பத்து இலக்க நம்பருக்குத் தாவியது. டஜன் கணக்கில் சிம்மைச் செருகும் சிம் பாக்ஸ் வந்தது. ஒரு நம்பர் மாட்டினால் அடுத்த நம்பர். 2021இல் ட்ரூகாலர் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்தியாவில் ஒரே ஒரு ஆசாமியின் கணக்கில் மட்டும் அந்த ஆண்டில் 20 கோடிக்கு மேல் தொல்லை அழைப்புகள். தமிழ்நாட்டில் கைக்குழந்தை முதல் கிழவர்வரை ஆளுக்கு இரண்டு போட்டாலும் மிச்சம் இருக்கும்!

டிராயும் விடவில்லை. 2018இல் பிளாக்செயின் தொழில்நுட்பத்தைப் பிடித்தது. யார் அனுப்புகிறார், என்ன வாசகம், வாங்குகிறவர் சம்மதித்தாரா என்பதெல்லாம் அதில் பதிவாக வேண்டும். கேட்க அழகாக இருக்கிறதல்லவா? 2021 மார்ச் 8ஆம் தேதி எஸ்.எம்.எஸ்.களுக்கு அந்தச் சல்லடையை மாட்டினார்கள். விளம்பரத்தோடு சேர்ந்து வங்கி ஓ.டி.பி.யும் நின்றுபோனது! வங்கிகள் பலவும் தங்கள் வாசகங்களைப் பதிவே செய்திருக்கவில்லை. மறுநாளே ஒரு வாரத்துக்குச் சல்லடையைக் கழற்றி வைத்தார்கள்.

2024 ஆகஸ்டு 13 உத்தரவுதான் நிஜமான அடி. பதிவு செய்யாமல் விளம்பர அழைப்பு விடுபவரின் அத்தனை லைன்களையும் வெட்டு, இரண்டு ஆண்டுவரை கறுப்புப் பட்டியலில் போடு என்றது டிராய். மூன்று வாரத்துக்குள் 2.75 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போயின, 50க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பட்டியலில் ஏறின. அந்த ஆண்டின் முதல் ஆறு மாதத்தில் மட்டும் வந்த புகார்கள் 7.9 லட்சம். சேவை சம்பந்தமான அழைப்புகளுக்கு 1600 என்று தனி வரிசையும் வந்தது. அதனால் இப்போது அடையாளம் சுலபம்: கடன், கார்டு, மனை என்று சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து விளம்பரம் வந்தால், அந்த நம்பரே விதிமீறல்தான். வாசகத்தைக் கேட்கவே வேண்டாம்.

இந்தக் கூத்தில் உச்சக்கட்ட நகைச்சுவை எது தெரியுமா? "டிராயிலிருந்து பேசுகிறோம், இன்னும் இரண்டு மணி நேரத்தில் உங்கள் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று பதிவுக் குரலில் வந்த மோசடி அழைப்புகள்! நாங்கள் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று டிராயே அறிக்கை விட வேண்டியதாயிற்று. இப்படி மிரட்டுகிற, ஏமாற்றுகிற ரகத்தைச் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம். பணமே போய்விட்டால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு ஓட வேண்டும்.

குரல் விஷயம் வேறு திசையில் போய்க்கொண்டிருக்கிறது. 2004 தேர்தலில் வாஜ்பாயின் பதிவுக் குரல் போனில் வந்தபோது ஊரே வாய் பிளந்தது. அவர் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தது அது. 2024 பிப்ரவரி 24ஆம் தேதி, ஜெயலலிதாவின் பிறந்தநாளில், அவர் மறைந்து ஏழு ஆண்டுக்குப் பிறகு, செயற்கை நுண்ணறிவால் செய்த அவர் குரலை அ.தி.மு.க. வெளியிட்டது. அதே மாதம் அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., அதிபர் பைடன் குரலில் போலி அழைப்பு ஒன்று சுற்றியதைத் தொடர்ந்து, செயற்கைக் குரல் தானியங்கி அழைப்புகளும் அந்நாட்டின் தொலைபேசித் தொல்லைக்கு எதிரான 1991 சட்டத்துக்குள் அடக்கம் என்று அறிவித்தது. லோன் விற்கிற குரல் கூடிய சீக்கிரம் "ஏனுங் மாப்ள" என்று ஆரம்பிக்கும், பாருங்கள்.

பதிலுக்குப் பதிலும் கிளம்பிவிட்டது. பிரிட்டனில் ஓ2 நிறுவனம் 2024 நவம்பரில் 'டெய்சி' என்ற செயற்கைப் பாட்டியை இறக்கியது. மோசடிக்காரர் கூப்பிட்டால் பாட்டி எடுப்பார், பூனையைப் பற்றியும் பின்னல் வேலை பற்றியும் பேசியே நேரத்தைத் தின்பார். அதற்கும் முன்பே 'லென்னி' என்ற பதிவுக் குரல் தாத்தா ஒருவர், பதினாறே வாக்கியங்களை வைத்துக்கொண்டு டெலிமார்க்கெட்டர்களைக் கதற விட்டிருக்கிறார். ஐயா கம்ப்யூட்டர்காரர்களே, எங்களுக்கு ஒரு கொங்கு அமுச்சி வேண்டும்! "ஆருங் கண்ணு? லோனா? இரு சாமி, மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தர்றேன். ம், சொல்லு. சோறு உண்டியா? என்ன கொழம்பு? அதென்ன இந்நேரத்துக்கு உண்கிற? உங்கம்மா ஒண்ணுஞ் சொல்றதில்லியா? உனக்குப் பொண்ணு பாத்தாச்சா?" எந்த டயலர் தாங்கும் இதை? பேசியவன் வேலையை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்துகொள்வான்.

தானியங்கி அழைப்பு என்றாலே தொல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இதே கோவை மாவட்டத்தின் வால்பாறையில் அப்படி ஓர் அழைப்புக்காக ஜனங்கள் காத்திருக்கிறார்கள். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் அமைப்பினர் அங்கே யானைக் கூட்டம் எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்று பார்த்து, சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு எஸ்.எம்.எஸ்., பதிவுக் குரல் அழைப்பு மூலம் சொல்கிறார்கள். முன்பு உள்ளூர் கேபிள் டி.வி.யில் எழுத்து ஓடியது, 2011 முதல் செல்போன். போனாலேயே இயக்கக்கூடிய சிவப்பு விளக்குகளும் உண்டு. விளக்கு எரிந்தால் அந்த வழியில் நடக்காதே. இந்தப் பணிக்காக அந்த அமைப்பின் எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. இதற்கு ஜனங்கள் தாங்களே நம்பர் கொடுத்துச் சேர்கிறார்கள். யானை வந்து போகிற பாலமலை அடிவாரத்துக்காரர்களுக்கு இதன் அருமை விளங்கும். கேட்டு வாங்கிய அழைப்புக்கும் கேட்காமல் வந்த அழைப்புக்கும் தொழில்நுட்பம் ஒன்றேதான்.

கடைசி அறை, 1909. "ஸ்டார்ட் 0" என்று ஆங்கில எழுத்தில் 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் விளம்பரம் அத்தனையும் அடைக்கச் சொன்னதாக அர்த்தம். வங்கி, மனை, கல்வி, மருத்துவம், வாகனம், பொழுதுபோக்கு, சுற்றுலா, உணவு என்று எட்டு வகையில் வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. தள்ளுபடி பிரியாணிக்கு மட்டும் கதவைத் திறந்து வைக்க ஆசைப்படுபவர்கள் எட்டாம் எண்ணைக் கவனிக்கவும்.

ஆனால் என்னைத் துள்ள வைத்தது டிராய் ஒழுங்குமுறையில் 2025 பிப்ரவரி 12ஆம் தேதி வந்த திருத்தம். முன்பு ஒருவர்மேல் 7 நாளில் 10 புகார் சேர்ந்தால்தான் நடவடிக்கை. இப்போது 10 நாளில் 5 போதும்! புகார் கொடுக்க 3 நாளாக இருந்த அவகாசம் 7 ஆகியிருக்கிறது. நடவடிக்கைக்கு 30 நாளாக இருந்த கெடு 5 ஆகியிருக்கிறது. பதிவு செய்யாத ஆசாமிமேல் புகார் கொடுக்க, நீங்கள் முன்கூட்டியே எதையும் அடைத்து வைத்திருக்க வேண்டியதும் இல்லை. எந்த நம்பர், என்ன தேதி, என்ன விஷயம், இந்த மூன்றும் இருந்தால் புகார் செல்லும். 1909க்கு எஸ்.எம்.எஸ். செய்யலாம், டிராயின் டி.என்.டி. செயலியிலும் தட்டலாம்.

ஐந்தே புகார்! பெ.நா.பாளையத்தை ஒட்டிய வீரபாண்டி பிரிவுப் பக்கம் ஏதாவது ஒரு பேக்கரியில் சாயந்திரம் டீ குடிக்க உட்கார்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். பெஞ்சில் இடமே இருக்காது. ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு ஒரே ஊரைக் கூப்பிடுகிற டயலர், அவர்களில் ஐந்து பேரையாவது அதே வாரத்தில் கூப்பிடாமலா இருக்கும்? ஒருவர் போனை எடுத்து "இந்த நம்பர்தானுங்ளே உங்களுக்கும் வந்துது?" என்று கேட்டால் போதும், மற்ற நாலு பேரும் அவரவர் போனைத் துழாவுவார்கள். முதல் தடவை என்றால் அந்த ஆசாமியின் அத்தனை லைனிலிருந்தும் 15 நாளுக்கு யாரையும் கூப்பிட முடியாது. திருந்தாமல் திரும்பவும் மாட்டினால் எல்லா நிறுவனங்களிலும் இணைப்பு ஓராண்டுக்குத் துண்டிப்பு.

"பதினாறாம் நாள் மறுக்காக் கூப்புட்டா?"

"வரட்டுங். நாமளும் இங்கதான உக்காந்திருப்போம். இன்னொரு டீ சொல்லுங்."